முகமது ரஃபீக்: நான்காவது இன்னிங்ஸ் வாய்க்காத சுழற்பந்து வீச்சாளர்

33 டெஸ்ட், 100 விக்கெட், சராசரி (ஒரு விக்கெட்டுக்குக் கொடுத்த ரன்) 40.76. வங்கதேசத்தின் முதல் டெஸ்ட் தலைமுறையைச் சேர்ந்த இடதுகைச் சுழற்பந்து வீச்சாளர் முகமது ரஃபீக்கின் கணக்கு இது. கடைசி எண்ணைப் பார்த்த மாத்திரத்தில் பலர் தீர்ப்பு எழுதிவிடுவார்கள். சராசரி 30க்குக் கீழே இருந்தால் உயர்ந்த வீச்சாளர், 35 வரை தேறும், 40ஐத் தாண்டினால் சுமார் என்று ஒரு வாய்ப்பாடு கிரிக்கெட் பேசுகிறவர்களிடம் உண்டு. வேரூன்றிய அணிகளின் வீச்சாளர்களுக்கு அது ஓரளவு சரிவரும். டெஸ்ட் தகுதி கிடைத்துப் பத்தாண்டுகூட ஆகாத நாட்டின் வீச்சாளருக்கு அதை வைத்தால் கணக்கு தப்பும்.

எங்கே தப்புகிறது என்பதை அவருடைய எண்களே காட்டிக்கொடுக்கும். ஒரு டெஸ்ட்டில் ஒரு வீச்சாளருக்கு அதிகபட்சம் இரண்டு இன்னிங்ஸ் பந்துவீசக் கிடைக்கும். 33 டெஸ்ட்டுக்கு 66. ரஃபீக் வீசியது 48 இன்னிங்ஸில்தான். மீதி 18 இன்னிங்ஸ் பெரும்பாலும் நடக்கவே இல்லை. வங்கதேசம் இன்னிங்ஸ் தோல்வி அடைந்தால் எதிரணிக்கு இரண்டாம் முறை மட்டை பிடிக்க வேண்டிய தேவையே வராது. சுழற்பந்து வீச்சாளர் காத்துக்கிடக்கும் நான்காம், ஐந்தாம் நாள் ஆடுகளம் அப்போது வெறும் மைதானம்.

இந்தியாவின் பிஷன் சிங் பேடியைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். இருவரும் இடதுகை ஃபிங்கர் ஸ்பின்னர்கள், அதாவது விரலால் பந்தைச் சுழற்றுகிறவர்கள். தரத்தில் இருவரும் சமம் என்று சொல்வதற்காக இந்த ஒப்பீடு இல்லை, அளவுகோலைச் சோதிக்கத்தான். பேடி 67 டெஸ்ட்டில் 118 இன்னிங்ஸ் வீசினார், 21,364 பந்துகள், 266 விக்கெட். ஓர் இன்னிங்ஸுக்கு 181 பந்து. ரஃபீக் வீசியது 8,744 பந்துகள், இன்னிங்ஸுக்கு 182. இருவரும் கையில் பந்து கிடைத்தபோதெல்லாம் ஏறக்குறைய 30 ஓவர் வீசியிருக்கிறார்கள். ஒரு டெஸ்ட்டுக்கு விக்கெட் என்று பார்த்தால் பேடி 3.97, ரஃபீக் 3.03. ஏறத்தாழ ஒரு முழு விக்கெட் வித்தியாசம். இன்னிங்ஸுக்கு என்று பார்த்தால் பேடி 2.25, ரஃபீக் 2.08. இடைவெளி சுருங்கி எங்கோ போய்விடுகிறது. ஒரு விக்கெட்டுக்கு எடுத்துக்கொண்ட பந்துகள் பேடிக்கு 80.3, ரஃபீக்குக்கு 87.4. ஓர் ஓவரும் கொசுறும்தான் அதிகம்.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். பேடி தன் விக்கெட்டுகளைப் பிரசன்னா, சந்திரசேகர், நம் வெங்கட்ராகவன் ஆகியோருடன் பங்குபோட்டுக்கொண்டவர். ரஃபீக்குக்கு அப்படிப் போட்டி இல்லை. ஓவருக்குக் கொடுத்த ரன்னிலும் பேடி 2.14, ரஃபீக் 2.79. காலம் மாறிவிட்டது, மட்டைகள் தடித்துவிட்டன என்பதெல்லாம் உண்மைதான், ஆனால் முழு வித்தியாசத்தையும் அதன் தலையில் கட்ட முடியாது. எதிர்முனையில் அழுத்தம் கொடுக்க ஆள் இல்லாதபோது மட்டையாளர் நல்ல வீச்சாளரைத் தொந்தரவு செய்ய மாட்டார். தடுத்தாடிவிட்டு, அடுத்த ஓவரில் மறுமுனையில் ரன் எடுத்துக்கொள்வார். விக்கெட் விழாமல் ஓவர் மட்டும் ஏறிக்கொண்டே போகும். 87.4 என்ற எண்ணுக்குள் இந்தக் காத்திருப்பும் இருக்கிறது.

400க்குப் பிறகு 91

வங்கதேசத்தின் முதல் டெஸ்ட் 2000 நவம்பர் 10 அன்று டாக்காவின் பங்கபந்து தேசிய மைதானத்தில் இந்தியாவுக்கு எதிராகத் தொடங்கியது. அமினுல் இஸ்லாம் 145 எடுக்க, வங்கதேசம் 400 ரன் குவித்தது. பதிலுக்கு இந்தியா 429. கேப்டன் நயிமுர் ரஹ்மான் தன் ஆஃப் ஸ்பின்னில் 132 ரன் கொடுத்து 6 விக்கெட் எடுத்தார், ரஃபீக் 117க்கு 3. பத்தில் ஒன்பது விக்கெட் இரண்டு சுழற்பந்து வீச்சாளர்களுக்கு. மூன்று நாள் வரை ஆட்டம் சரிசமம். அதற்குப் பிறகு வங்கதேசம் இரண்டாம் இன்னிங்ஸில் 91க்குச் சுருண்டது. இந்தியாவுக்கு இலக்கு வெறும் 63, ஒரு விக்கெட் இழப்பில் முடித்துவிட்டார்கள்.

அதே ஆட்டத்தில் எதிரணியில் ஆடிய இடதுகைச் சுழற்பந்து வீச்சாளர் சுனில் ஜோஷி. முதல் இன்னிங்ஸில் 142க்கு 5, இரண்டாவதில் 27க்கு 3. அந்த 27க்கு 3 என்பது தேய்ந்த ஆடுகளமும் பதற்றத்தில் இருந்த மட்டையாளர்களும் சேர்ந்து கொடுத்தது. ரஃபீக்குக்கும் அதே ஆடுகளம்தான், அதே கைதான். ஆனால் 63 ரன்னைக் காப்பாற்ற வேண்டிய இடத்தில் எந்தச் சுழற்பந்து வீச்சாளரும் ஒன்றும் செய்துவிட முடியாது.

அடுத்த சில ஆண்டுகளில் இதே அச்சு திரும்பத் திரும்ப விழுந்தது. 2003 முல்தான் டெஸ்ட்டில் வங்கதேசம் முதலில் 281. ரஃபீக் 36 ரன்னுக்கு 5 விக்கெட் எடுக்க, பாகிஸ்தான் 175க்கு ஆல் அவுட். 106 ரன் முன்னிலை. அதன்பின் 154க்குச் சரிவு. 261 என்ற இலக்கை இன்சமாம் உல் ஹக் ஆட்டமிழக்காமல் எடுத்த 138 ரன்னால் ஒரு விக்கெட் மீதமிருக்க பாகிஸ்தான் எட்டியது. 2006 ஏப்ரலில் ஃபதுல்லாவில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 427. ஷாரியார் நஃபீஸ் 138. ரஃபீக் 62 ரன்னுக்கு 5. கில்கிறிஸ்ட் 144 அடித்தும் ஆஸ்திரேலியா 269தான். 158 ரன் முன்னிலை. அதன்பின் 148. இலக்கு 307, பாண்டிங் ஆட்டமிழக்காமல் 118, மூன்று விக்கெட் மீதமிருக்க ஆஸ்திரேலியா தப்பியது. இரண்டாம் இன்னிங்ஸில் ரஃபீக் 98க்கு 4. ஆட்டத்தில் மொத்தம் 160 ரன்னுக்கு 9 விக்கெட், அதுதான் அவருடைய ஆகச் சிறந்த ஆட்டக் கணக்கு.

400, 281, 427. அடுத்த இன்னிங்ஸில் 91, 154, 148. ரஃபீக்கின் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள இந்த ஆறு எண்கள் போதும். முதல் நாளில் மட்டையாளர்களுக்கு இழக்க ஒன்றுமில்லை, அடித்து ஆடினார்கள். முதல் இன்னிங்ஸில் சரிசமமாகவோ முன்னிலையிலோ நின்ற பிறகுதான் பயம் வந்தது. முன்னிலையைக் கையில் வைத்துக்கொண்டு ஐந்து மணி நேரம் மட்டை பிடிப்பது தனிப் பழக்கம். நான்கு நாள் ஆட்டங்களில்தான் அது வரும். வங்கதேசத்தில் அப்படி ஒரு தேசிய லீக் தொடங்கியதே 1999-2000 பருவத்தில். அதற்கு முதல்தர அந்தஸ்து கிடைத்தது அடுத்த பருவத்தில், அதாவது டெஸ்ட் தகுதி வந்த அதே சமயத்தில். படித்து முடித்துத் தேர்வுக்குப் போகாமல், தேர்வறையிலேயே பாடம் தொடங்கிய கதை.

முல்தானைப் பற்றிப் பேசும்போது உமர் குல் சம்பவத்தை விடாமல் சொல்வார்கள். எட்டு விக்கெட் போன நிலையில், பந்து வீசுவதற்கு முன்பே எதிர்முனையிலிருந்து வெளியேறி ஓடத் தொடங்கிய குல்லை ரஃபீக் ரன் அவுட் செய்யவில்லை, எச்சரித்து விட்டுவிட்டார். ஒன்பதாம் விக்கெட்டுக்கு இன்சமாம்–குல் ஜோடி 52 ரன் சேர்த்தது. பெருந்தன்மை என்று பாராட்டுகிறவர்களும் வெற்றியைக் கோட்டை விட்டார் என்கிறவர்களும் இன்றும் உண்டு. என் கணக்கில், தோல்வியை அங்கே தேடுவது வீண். 106 ரன் முன்னிலை இருந்தும் 154க்குச் சுருண்ட அன்றைக்கே பாதி ஆட்டம் போய்விட்டது.

வேகப்பந்து கையிலிருந்து வந்த சுழல்

ரஃபீக் தொடக்கத்தில் இடதுகை மித வேகப்பந்து வீச்சாளர். டாக்கா கிளப் கிரிக்கெட்டில், பங்களாதேஷ் பிமான் அணியில் ஆடியபோது, அங்கே வந்து ஆடிய பாகிஸ்தான் ஆல்ரவுண்டர் வாசிம் ஹைதரின் தூண்டுதலில் சுழலுக்கு மாறினார். இந்த மாற்றம் அவர் பந்துவீச்சில் கடைசி வரை தெரிந்தது. பந்தை மேலே தூக்கிப் போட்டு ஆசை காட்டுகிற ரகம் இல்லை அவர். தட்டையாக, சற்று வேகமாக, ஸ்டம்பைக் குறிவைத்து வீசுகிற ரகம்.

இடதுகை ஃபிங்கர் ஸ்பின்னில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சீமின் (பந்தின் தையல்) குறுக்கே அகலமாகப் பதியும். வேலை செய்வது ஆள்காட்டி விரல். கதவுக் குமிழைத் திருகுவது போல் மணிக்கட்டும் விரலும் சேர்ந்து திருப்ப, உடல் முன்னே ஊன்றிய வலதுகாலின் மேல் சுழன்று முடிய வேண்டும். வலதுகை மட்டையாளருக்கு ரவுண்ட் த விக்கெட் (வீசும் கை ஸ்டம்புக்கு வெளிப்புறம் இருக்கும்படி) வந்து வீசினால், பந்து காற்றில் சற்று உள்ளே நகர்ந்து, தரையில் விழுந்தபின் வெளியே திரும்பும். இதுதான் அடிப்படைப் பந்து. இதற்கு இணையாக ஆர்ம் பால் வேண்டும். அதில் விரல்கள் சீமின் மேலேயே நீளவாக்கில் இருக்கும், திருகல் இருக்காது, பந்து கை போகும் திசையிலேயே உள்ளே வரும். மட்டையாளர் வெளியே திரும்பும் என்று எண்ணி மட்டையை வெளிப்பக்கம் கொண்டுபோனால் பந்து பேடில் படும், அல்லது மட்டைக்கும் பேடுக்கும் இடையே புகுந்து ஸ்டம்பைச் சாய்க்கும்.

மித வேகப்பந்து வீசிப் பழகிய கைக்கு ஆர்ம் பால் இயல்பாக வரும். அதன் விலை வேறு இடத்தில் விழும். வேகமாக, தட்டையாக வரும் பந்து காற்றில் கீழிறங்குவதில்லை. கீழிறங்காத பந்தின் நீளத்தை மட்டையாளர் சீக்கிரம் கணித்துவிடுவார். நல்ல நீளம் என்பது மட்டையாளரின் ஸ்டம்பிலிருந்து சுமார் 4 மீட்டர். இவ்வளவு வேகத்தில் அதிலிருந்து ஓரடி குட்டையாக விழுந்தாலே பின்காலில் நின்று கவர் பக்கம் வெட்டிவிடலாம். ஆகவே இப்படி வீசுகிறவருக்குத் துல்லியம்தான் சோறு. ரஃபீக் 48 இன்னிங்ஸில், அதுவும் பெரும்பாலும் 400, 500 என்று குவித்த அணிகளுக்கு எதிராக, ஓவருக்கு 3 ரன்னுக்குள் கொடுத்திருக்கிறார் என்றால் அந்தத் துல்லியம் அவரிடம் இருந்தது.

ஆடுகளமும் இந்த முறைக்குப் பாதி உதவி, பாதி உபத்திரவம். வங்கதேச ஆடுகளங்கள் மெதுவானவை, தாழ்வாக எழும்புபவை. தாழ்வாக வரும் பந்து எல்பிடபிள்யூவுக்கும் போல்டுக்கும் நல்லது. விளிம்பில் பட்டால் ஸ்லிப் வரை போய்ச் சேராமல் முன்னாலேயே விழுந்துவிடும். அங்கே பயன்படுத்தும் கூக்கபுரா பந்தின் சீம், இந்தியாவில் பயன்படும் எஸ்ஜி பந்தைவிடச் சீக்கிரம் படிந்துவிடும். சீம் படிந்தால் விரலுக்குப் பிடிமானமும் குறையும், தரையில் கவ்வுவதும் குறையும்.

எல்பிடபிள்யூ விஷயத்தில் இன்னொரு கணக்கும் உண்டு. முன்காலை நீட்டிப் பேடால் தடுக்கும் மட்டையாளருக்கு அந்தக் காலத்து நடுவர்கள் விரல் தூக்கத் தயங்குவார்கள். சந்தேகத்தின் பலன் மட்டையாளருக்கே. பந்தின் பாதையைக் காட்டி நடுவர் முடிவை மறுபரிசீலனை செய்யும் டிஆர்எஸ் முதன்முதலாகச் சோதனை முறையில் வந்தது 2008 ஜூலையில், இலங்கை–இந்தியா தொடரில். ஸ்டம்பை நோக்கி வீசும் இடதுகைச் சுழற்பந்து வீச்சாளர்களுக்கு அது வாழ்வு கொடுத்தது. பேடை முன்னே போட்டுத் தப்பிக்கும் வழி அடைபட்டது. ரஃபீக் ஓய்வு பெற்றது அதே ஆண்டு மார்ச்சில்.

ஃபீல்டிங் அமைப்பையும் கவனிக்க வேண்டும். முன்னிலையில் இருக்கும் கேப்டன் ஸ்லிப், சில்லி பாயின்ட், ஷார்ட் லெக் என மூவரை மட்டையைச் சுற்றி நிறுத்துவார். 250 ரன் பின்தங்கிய கேப்டன் முதலில் எடுப்பது ஷார்ட் லெக்கை, அடுத்து சில்லி பாயின்டை. அவர்கள் எல்லைக்கோட்டருகே லாங் ஆனுக்கும் டீப் மிட்விக்கெட்டுக்கும் போய்விடுவார்கள். அதன்பின் மட்டையிலும் பேடிலும் பட்டு எழும்பும் பந்தைப் பிடிக்க ஆள் கிடையாது. ஒற்றை ரன் தாராளம். சுழற்பந்து வீச்சாளர் ஒரே மட்டையாளருக்கு ஆறு பந்தும் வீசி வலை பின்ன வேண்டியவர். ஒற்றை ரன் ஓடிக்கொண்டே இருந்தால் அந்த வலை பின்னப்படுவதே இல்லை.

முப்பதில் தொடங்கிய டெஸ்ட் வாழ்க்கை

1970இல் பிறந்தவர் ரஃபீக். முதல் டெஸ்ட்டின்போது வயது 30. அந்த டெஸ்ட்டுக்குப் பிறகு அவருடைய பந்துவீச்சு முறைமீது சந்தேகம் கிளப்பப்பட்டது. அதைச் சரிசெய்துகொண்டு டெஸ்ட் அணியில் அவர் நிலைத்தது 2003இல்தான். அந்த ஆண்டு டாக்காவில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக 77 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்தார், அதுவே அவருடைய சிறந்த இன்னிங்ஸ் கணக்கு. பந்தை விடும்போது மடங்கிய முழங்கை எவ்வளவு விரியலாம் என்ற விதியும் அப்போது கடுமை. சுழற்பந்து வீச்சாளருக்கு 5 டிகிரி வரைதான் அனுமதி. எல்லோருக்கும் 15 டிகிரி என்று ஐசிசி மாற்றியது 2005இல். வழக்கமான பந்தைவிட வேகமான பந்தில் முழங்கை அதிகம் விரிய வாய்ப்புண்டு. கூடுதல் வேகத்துக்குத் தோள் போதாதபோது கை அந்தக் குறையை நிரப்பப் பார்க்கும். வேகத்தை நம்பி வீசுகிறவர்களுக்கு இந்த விதி எவ்வளவு பெரிய தலைவலி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆக, வங்கதேசத்தின் முதன்மைச் சுழற்பந்து வீச்சாளர் தன் டெஸ்ட் விக்கெட்டுகளில் மூன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் 32 வயதுக்கு மேல் எடுத்தவர். இருபதுகளை அவர் வீணாக்கவில்லை, நாட்டுக்கு டெஸ்ட் இல்லை, அவ்வளவுதான். 1995 ஏப்ரலில் ஷார்ஜாவில் இந்தியாவுக்கு எதிராக முதல் ஒருநாள் ஆட்டம் ஆடினார். அன்று இந்தியா இழந்த ஒரே விக்கெட் டெண்டுல்கர், எடுத்தவர் ரஃபீக். 1997இல் கோலாலம்பூரில் ஐசிசி டிராபி, டெஸ்ட் தகுதி இல்லாத நாடுகளுக்கான போட்டி. அதில் முதல் மூன்று இடத்துக்குள் வந்தால்தான் உலகக் கோப்பை, அதைத் தொட்டுத்தான் டெஸ்ட் தகுதி. அரையிறுதியில் ஸ்காட்லாந்துக்கு எதிராக 25 ரன்னுக்கு 4 விக்கெட். மழை குறுக்கிட்ட இறுதியாட்டத்தில் கென்யாவுக்கு எதிராக 25 ஓவரில் 166 தேவை. ரஃபீக்கைத் தொடக்க ஆட்டக்காரராக இறக்கினார்கள், 15 பந்தில் 26. கடைசிப் பந்தில் வங்கதேசம் வென்றது. 1998 மே 17 அன்று ஹைதராபாத்தில் அதே கென்யாவுக்கு எதிராக மூன்று விக்கெட் எடுத்துவிட்டு, தொடக்கத்தில் இறங்கி 77 ரன் அடித்தார். வங்கதேசத்தின் முதல் ஒருநாள் வெற்றி அது.

புதிய அணியில் இப்படி ஒருவரே பல வேலையைப் பார்ப்பது வழக்கம்தான். ஆனால் ரஃபீக்கின் மட்டை வெறும் உபரி அல்ல. 2004இல் செயின்ட் லூசியாவில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக ஒன்பதாவதாக இறங்கி 111. அந்த டெஸ்ட்டை வங்கதேசம் மழையின் தயவில்லாமல் டிரா செய்தது. 2006இல் சிட்டகாங்கில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஆறு சிக்ஸருடன் 65. டெஸ்ட்டில் 1,059 ரன்னும் 100 விக்கெட்டும். ஒருநாள் ஆட்டங்களில், ஆசிய அணிக்காக ஆடியதையும் சேர்த்து, 125 ஆட்டத்தில் 125 விக்கெட்டும் ஆயிரத்துக்கு மேல் ரன்னும். 2007 உலகக் கோப்பையில் இந்தியாவை முதல் சுற்றோடு வீட்டுக்கு அனுப்பக் காரணமான போர்ட் ஆஃப் ஸ்பெயின் ஆட்டத்தில் கங்குலி, டிராவிட், தோனி மூவரும் அவருக்கே விழுந்தார்கள், 35 ரன்னுக்கு 3.

அவர் ஆடிய காலம் முழுவதிலும் வங்கதேசம் வென்ற டெஸ்ட் ஒன்றே ஒன்று. 2005 ஜனவரி, சிட்டகாங், ஜிம்பாப்வே. அந்த ஒரு ஆட்டத்தில்தான் மேலே சொன்ன அச்சு உடைந்தது. முதல் இன்னிங்ஸில் 488, அதில் ரஃபீக் 69. ஜிம்பாப்வே 312, ரஃபீக் 65க்கு 5. மூன்றாவது இன்னிங்ஸில் வங்கதேசம் சரியாமல் 9 விக்கெட்டுக்கு 204 எடுத்து டிக்ளேர் செய்தது. இலக்கு 381. தேய்ந்த ஆடுகளம், மட்டையைச் சுற்றி ஆட்கள், கையில் தேவையான ரன். ஒரு சுழற்பந்து வீச்சாளர் கேட்கும் அத்தனையும் அன்று இருந்தது. ஜிம்பாப்வே 154க்கு ஆல் அவுட். 45 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்து ஆட்ட நாயகன் ஆனவர் 18 வயது எனாமுல் ஹக் ஜூனியர். அவரும் இடதுகைச் சுழல்தான்.

ரஃபீக்கின் கடைசி டெஸ்ட்டும் சிட்டகாங்கில், 2008 பிப்ரவரி இறுதியில், தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக. ஸ்மித் 232, மெக்கன்சி 226, முதல் விக்கெட்டுக்கு 415 ரன் என்ற உலக சாதனை. தென்னாப்பிரிக்கா 583க்கு 7 விக்கெட்டில் டிக்ளேர். வங்கதேசம் 259, 119. இன்னிங்ஸ் தோல்வி, ஆகவே ரஃபீக்குக்குக் கிடைத்தது ஒரே இன்னிங்ஸ். டிக்ளேர் வருவதற்குள் நூறாவது விக்கெட்டை எப்படியோ எடுத்துவிட்டார். 100 டெஸ்ட் விக்கெட்டைத் தொட்ட முதல் வங்கதேசத்தவர்.

எட்டு மாதம் கழித்து, 2008 அக்டோபரில், அதே சிட்டகாங்கில் ஷகிப் அல் ஹசன் நியூசிலாந்துக்கு எதிராக 36 ரன்னுக்கு 7 விக்கெட் எடுத்தார். வங்கதேசத்துக்கு 74 ரன் முன்னிலை கிடைத்தது. மூன்றாவது இன்னிங்ஸில் இந்த முறை 242. இலக்கு 317. நியூசிலாந்து எட்டிவிட்டது, ஃபதுல்லாவில் ஆஸ்திரேலியாவைப் போலவே மூன்று விக்கெட் மீதமிருக்க.